ஒரு ஆள் தானா மேடம்?

சென்னைல தனியா ஓட்டலுக்குப் போற பொம்பளைங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமா இருக்கும். வாசல்ல ஒரு தம்பி நிப்பார். "எத்தன பேரு மேடம்?"னு கேப்பார். "ஒருத்தர்"னு சொல்வோம். அதோட முடியணும்ல? முடியாது. "ஒரு ஆள் தானா மேடம்?"னு திருப்பிக் கேப்பார். கேட்டுட்டு நம்ம தோளுக்கு மேல எட்டி ஒரு பார்வ. வண்டிய பார்க் பண்ணிட்டு யாராவது பின்னாடி வராங்களான்னு.

யாரும் வரல தம்பி. நான் மட்டும்தான். பொங்கல் இருக்கா, இல்லையா?

இந்த வாரக் கடைசி முழுக்க இதே பாட்டுதான். அந்தக் கடுப்புலதான் இத எழுத உக்காந்தேன். எழுதறப்போ கடுப்பு வேற பக்கம் திரும்பிடுச்சு. அது எந்தப் பக்கம்னு பொறுமையா வர்றேன்.

முதல்ல முன்கதை.

பத்து வருஷத்துக்கு மேல ஸ்டுட்கார்ட்ல (ஜெர்மனி, பென்ஸ் கார் ஊரு) குப்ப கொட்டிட்டு இப்பதான் சென்னைக்கு மூட்ட முடிச்சோட வந்து இறங்கியிருக்கோம். (குப்ப கொட்டறதுன்னா அங்க நெஜமாவே குப்ப கொட்டறதுதான். காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு, காய்கறித் தோலுக்கு ஒண்ணு. கண்ணாடி பாட்டில கலர் பாத்துப் போடணும். ஞாயித்துக்கிழம போடக்கூடாது, சத்தம் கேக்குமாம்.) மந்தவெளில வீடு. பொட்டியெல்லாம் இன்னும் பிரிக்கல. ஆவணி மாசம், முகூர்த்த சீசன். வீட்டுக்காரரும் பொண்ணும் கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாங்க. நான் போகல. ஏன்னா சனிக்கிழம காலைல பத்துலேர்ந்து பன்னண்டுக்குள்ள இன்டர்நெட் மாட்ட ஆள் வரும்னு சொல்லியிருந்தாங்க.

வந்தாரா? நீங்க சிரிக்கறது எனக்குக் கேக்குது.

பத்தரைக்கு அம்மா போன். "ஏட்டி, ஒத்தையிலயா கெடக்க? பேசாம கல்யாணத்துக்கு வந்திருக்கலாம்லா?"

"நெட்டு மாட்ட ஆள் வரணும்மா."

"நெட்டாம் நெட்டு. சாப்ட்டியா?"

பதினோரு மணிக்கு நானே போன் பண்ணேன். "மேடம், ஏரியாவுல கேபிள் கட்டு, திங்கக்கிழம காலைல முத வேல உங்களுதுதான்"னு சொல்லிட்டார். ஆக, வீட்டுல நெட் இல்ல, டிவி இல்ல, புத்தகம் எல்லாம் எந்தப் பொட்டிலன்னு தெரியல. பொண்ணும் இல்ல, புருஷனும் இல்ல. ஒரு முழு வாரக் கடைசி எனக்கே எனக்கு.

சரி, எங்கயாவது போய் சும்மா உக்காருவோம்னு செருப்ப மாட்டினேன்.

இங்கதான் கதை ஆரம்பிக்குது. "சும்மா உக்காருவோம்"னு நெனச்சேன் பாருங்க, அந்த இடம்.

ஸ்டுட்கார்ட்ல இது ஒரு விஷயமே கெடையாது. எங்க பாத்தாலும் பெஞ்ச். தெருமுனைல பெஞ்ச், காட்டுப் பாதைல பெஞ்ச், திராட்சைத் தோட்டத்து மேட்டுல பெஞ்ச். ஞாயித்துக்கிழம கடையெல்லாம் சட்டப்படி மூடியிருக்கும். காலைல பேக்கரி மட்டும் கொஞ்ச நேரம். ஊரே ஊமையாகிடும். முதல் வருஷம் அந்த ஞாயிறுகள்ல நான் அழுதிருக்கேன். அப்புறம் பழகி, பெஞ்ச்சுல உக்காந்து சும்மா இருக்கறதுல ஒரு மாதிரி தேர்ச்சியே வந்துடுச்சு. அங்க யாரும் உங்கள எதுவும் கேக்க மாட்டாங்க. (வருஷக்கணக்கா யாரும் எதுவுமே கேக்க மாட்டாங்க. அது தனி சோகம். அத இன்னொரு நாள் எழுதறேன்.)

மந்தவெளில மொதல்ல பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். பூட்டு. நேரம் எழுதின பலகையப் பாத்தா, காலைல கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். நடுவுல கெடையாது. வாக்கிங் போறவங்களுக்குன்னே கட்டின பூங்கா போல. வெயில் உச்சில இருக்கறப்போதானய்யா மனுஷனுக்கு மரத்தடி வேணும்? வேப்ப மரம், புங்க மரம், கீழ சிமென்ட் பெஞ்ச், எல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் ஜாலியா இருக்கு. நான் இந்தப் பக்கம் வேர்த்து நிக்கறேன்.

பஸ் ஸ்டாப்ல உக்காரலாம்னு பாத்தா ஸ்டீல்ல ஒரு சீட்டு. உக்காந்தா முன்னாடி வழுக்கிட்டு வருது. வெயில்ல தோச சுடலாம் அதுமேல.

டீக்கடைக்குப் போனேன்.

டீ பதினஞ்சு ரூபா. கைல ஐநூறு ரூபா நோட்டு. கடைல ஒரு பொட்டி, காசு வந்துச்சுன்னா தமிழ்ல சத்தமா அறிவிக்குது. எல்லாரும் போன நீட்டறாங்க, பொட்டி கூவுது, போறாங்க. எனக்கு யூபிஐ கெடையாது. பேங்க்ல வெளிநாட்டுக் கணக்க உள்ளூர்க் கணக்கா மாத்தற வேல பாதில நிக்குது. நம்பர் மாத்தினா ஓடிபி வரும், ஓடிபி வந்தா நம்பர் மாத்தலாம்ங்கற கட்டத்துல இருக்கேன். நான் ஊர விட்டுப் போறப்போ இந்த யூபிஐயே கெடையாது, 2016லதான வந்துச்சு. இன்னைக்கு இளநீர்க்காரர், பூக்காரம்மா, கோவில் வாசல்ல செருப்பு பாத்துக்கறவர் எல்லார்கிட்டயும் அந்தக் கட்டம் கட்டமான ஸ்டிக்கர். சொந்த ஊர்ல வெளிநாட்டுக்காரி மாதிரி நோட்ட வெச்சுக்கிட்டு முழிக்கறது நான் மட்டும்தான்.

"சில்லற இல்லக்கா. இந்தப் பக்கம் வருவீங்கல்ல? அப்புறமா குடுங்க."

நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. நான் அந்தத் தெருவான்னும் கேக்கல. பதினஞ்சு ரூபா கடன். ஸ்டுட்கார்ட்ல பேக்கரிக்காரம்மா எட்டு வருஷம் என் மூஞ்சியப் பாத்தவங்க, பத்து சென்ட் கொறஞ்சா ரொட்டிய திருப்பி உள்ள வெச்சிடுவாங்க. (அக்கான்னு வேற கூப்பிட்டார். ஊருக்கு வந்ததுலேர்ந்து எல்லாரும் ஆன்ட்டி, அம்மான்னு ஏத்தி விட்டுக்கிட்டிருக்க, இந்த ஒரு மனுஷன் அக்கா. அந்தக் கடைக்கு நான் வாழ்நாள் வாடிக்கையாளர்.)

டீயக் குடிச்சுக்கிட்டே கவனிச்சேன். கடைய சுத்தி ஏழெட்டு ஆம்பளைங்க. ஒருத்தர் டீ குடிச்சு முடிச்சு எவ்ளோ நேரமோ ஆச்சு. அப்படியே நிக்கறார். ரோட்டப் பாக்கறார். தலப்புச் செய்தியப் பாக்கறார். மறுபடி ரோட்டப் பாக்கறார். அவருக்கு அங்க எந்த வேலையும் இல்ல. யாரும் ஏன் நிக்கறீங்கன்னு கேக்கல. நான் டீ கிளாஸ வெச்சுட்டு அதே மாதிரி சும்மா நின்னு பாத்தேன். கொஞ்ச நேரத்துல ஒரு பெரியவர், நல்ல எண்ணத்துலதான், "யாருக்காவது வெயிட் பண்றியாம்மா?"ன்னார்.

ஆக இந்த ஊர்ல ஆம்பள சும்மா நிக்கலாம். பொம்பள நின்னா காரணம் வேணும். பஸ்ஸு வரணும், புள்ள ஸ்கூல் விட்டு வரணும், புருஷன் வண்டி எடுத்துட்டு வரணும்.

இல்லன்னா சாமி கும்பிட வந்திருக்கணும்.

இது தோணினதும் நேரா கபாலீஸ்வரர் கோவிலுக்கு நடந்தேன். நேராங்கறது ஒரு பேச்சுக்கு. மெட்ரோவுக்காக லஸ் பக்கம் எல்லாம் தோண்டி வெச்சிருக்காங்க. ரெண்டாவது கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டராம், அதுல ரெண்டு பாதை மயிலாப்பூர்ல வந்து சேருது. அதனால நாம தடுப்புக்கும் கடைக்கும் நடுவுல ஒருக்களிச்சுதான் போகணும். நான் குறை சொல்லல. ஸ்டுட்கார்ட்ல ரயில்வே ஸ்டேஷனத் தரைக்குக் கீழ கொண்டுபோறேன்னு 2010லேர்ந்து தோண்டறாங்க. நான் போறப்பவும் குழி, கெளம்பறப்பவும் குழி. எனக்குக் குழி புதுசில்ல.

கோவில்ல, சாமி கும்பிட்டா ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுதான் எந்திரிக்கணும்னு ஒரு வழக்கம் இருக்கே, யாரோ புண்ணியவதி கண்டுபிடிச்சதாதான் இருக்கணும். தூணுல சாஞ்சு உக்காந்துட்டேன். பக்கத்துல ஒரு பாட்டி கால நீட்டி முழங்கால நீவிக்கிட்டிருந்தாங்க. அந்தாண்ட ரெண்டு காலேஜ் பொண்ணுங்க பிரகாரத்துல உக்காந்து குசுகுசுன்னு யாரையோ கிழிச்சுத் தொங்கவிட்டுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தரும் எங்களக் கேள்வி கேக்கல. புன்ன மரத்துப் பக்கம் நல்ல காத்து. (மயிலா வந்து பார்வதி பூஜை பண்ணது அந்த மரத்தடிலதான். அவங்களும் தனியாதான் இருந்தாங்க, கவனிச்சீங்களா?)

ஆனா மத்தியானம் நடை சாத்திடுவாங்க. மணி அடிச்சுக்கிட்டே வந்து எல்லாரையும் கெளப்பிட்டாங்க.

அப்புறம்? கச்சேரி ரோட்டப் புடிச்சு கடலப் பாத்து நடந்தா சாந்தோம் சர்ச். தோமையார் கல்லறைன்னு நம்பற எடத்து மேல கட்டின கோவில், இப்ப நாம பாக்கற வெள்ளக் கோபுரக் கட்டடம் 1896ல முடிஞ்சது. உள்ள மர பெஞ்ச், மேல ஃபேன், ஜன்னல் வழியா கலர் கலரா வெளிச்சம். நான் அந்த மதம் இல்ல. அதப் பத்தி யாரும் கவலப்படல. கடைசி பெஞ்ச்சுல ஒரு ஸ்விக்கிக்காரத் தம்பி டீ சர்ட்டோட கண்ண மூடி உக்காந்திருந்தார். ஜெபமா தூக்கமான்னு கடைசி வரைக்கும் தெரியல. நானும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். என்ன யோசிச்சேன்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்ல. திரும்பி வந்தது சரியாங்கற கேள்விய ஊர்ல இருக்கற எல்லாரும் எங்ககிட்ட கேட்டுட்டாங்க. நானா என்கிட்ட அதக் கேட்டுக்கவே நேரம் கெடைக்கல. அன்னைக்குக் கேட்டுக்கிட்டேன். பதில் வரல. ஆனா பதில் வரலன்னு பதட்டமும் வரல.

ராத்திரி திருவல்லிக்கேணி ரத்னா கபே. ரெண்டு இட்லி வாங்கினா அது முழுகற அளவுக்கு ஜக்குலேர்ந்து சாம்பார ஊத்தறது இன்னும் அப்படியே இருக்கு, சந்தோஷம். கூட்டம். எனக்கு எதிர்ல ஒரு தம்பதிய உக்கார வெச்சாங்க. அந்தம்மா மூணு வாய் சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சாங்க.

"தனியா வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க."

"எங்க தங்கியிருக்கீங்க?"

"இங்கதான், மந்தவெளி."

"வீட்ல எல்லாரும்?"

"கல்யாணத்துக்குப் போயிருக்காங்க."

"அப்ப சரி"ன்னாங்க. என்ன சரின்னு தெரியல. ஆனா அவங்களுக்கு ஒரு நிம்மதி. போறப்போ "பாத்துப் போங்க, ஆட்டோவா, பஸ்ஸா?"ன்னு வேற கேட்டாங்க. இந்தக் கேள்விகள்ல பாதி வேவு, பாதி அக்கற. ரெண்டையும் பிரிச்செடுக்க என்னால முடியல. முன்னயெல்லாம் எல்லாமே வேவுன்னுதான் கோவம் வரும்.

ஞாயித்துக்கிழம திட்டத்தோட கெளம்பினேன். மந்தவெளி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில். (அந்த ஸ்டேஷன்களப் பத்தி தனியா ஒரு பதிவு போடணும். அவ்ளோ பெரிய கட்டடம், அவ்ளோ இருட்டு, அவ்ளோ காலி. உள்ள ஒரு கிரிக்கெட் மைதானமே கட்டலாம்.) அஞ்சு ரூபா டிக்கெட், கோட்டூர்புரம். அங்கேருந்து நடந்தா அண்ணா நூற்றாண்டு நூலகம்.

இது 2010 செப்டம்பர்ல தெறந்தது. அடுத்த வருஷமே ஆட்சி மாறி, இத குழந்தைங்க ஆஸ்பத்திரியா மாத்தப் போறதா அறிவிச்சாங்க. கேஸ் ஆச்சு, ஹைகோர்ட் தடை போட்டுது. நான் ஊர விட்டுக் கெளம்பறப்போ இது இருக்குமா இருக்காதான்னே தெரியாது. அப்ப நான் போட்ட சண்டையெல்லாம் பேஸ்புக்கோட சரி. உள்ள ஒரு தடவகூட முழுசா சுத்திப் பாத்ததில்ல.

ஸ்டுட்கார்ட்லயும் 2011ல ஒரு புது நூலகம் தெறந்தாங்க. வெளிய கனசதுரம், உள்ள முழுக்க வெள்ளை, படம் புடிக்க உலகம் பூரா ஆளுங்க வருவாங்க. உள்ளூர்க்காரங்க ஜெயிலுன்னு கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு உயிர். ஆனா ஞாயித்துக்கிழம பூட்டு! மனுஷன் தனியா உக்காந்து தவிக்கற ஒரே நாள் பூட்டு.

நம்மளுது ஞாயித்துக்கிழம தெறந்திருக்கு. இத நான் பெரிய எழுத்துல எழுதணும். தெறந்திருக்கு. ஏசி. ஒன்பது அடுக்கு. காசு கெடையாது. ரெண்டாவது மாடில தமிழ்ப் புத்தகங்க. குழந்தைங்களுக்குன்னு தனி மாடி, நடுவுல ஒரு பெரிய செயற்கை மரம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கறவங்களுக்குக் கீழ்த்தளத்துல தனி இடம். அங்க போய்ப் பாருங்க, டிஎன்பிஎஸ்சி, யூபிஎஸ்சி பசங்க வரிச வரிசையா உக்காந்திருப்பாங்க. தண்ணி பாட்டில், நாலு கலர் பேனா, கண்ணு சிவந்து. பொண்ணுங்க நெறைய. வீட்ல ஒரு ரூம்ல அஞ்சு பேர் இருக்கற பொண்ணுக்கு இங்க ஒரு நாற்காலி, ஒரு மேச, ஒரு பிளக் பாயின்ட், ஒரு கழிப்பறை. அந்த நாற்காலிய என்ன வெலைக்குன்னு கணக்கு போடறது?

கழிப்பறைன்னதும் சொல்லிடறேன். தனியா ஊர் சுத்தற பொம்பளைக்கு வரைபடம்னா அது கழிப்பறை வரைபடம்தான். சனிக்கிழம நான் தண்ணி குடிக்காம சுத்தினதுக்குக் காரணம் அதுதான். ரோட்டோரத்துல ஒண்ணு பாத்தேன், வெளிய பூட்டு. இன்னொண்ணு தெறந்திருந்துச்சு, அதப் பூட்டியிருக்கலாம். ஜெர்மனி ஸ்டேஷன்ல ஒரு யூரோ போட்டாதான் கதவு தெறக்கும், நூறு ரூபாயான்னு நின்னு திட்டியிருக்கேன். ஆனா தெறக்கும். உள்ள தண்ணி வரும்.

நூலகத்துல மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு, சாப்பிட்டு, அடையாறு வந்து 29சி புடிச்சேன். பெசன்ட் நகர்லேர்ந்து பெரம்பூர் போற வண்டி. முன்னாடி பிங்க் பெயின்ட் அடிச்ச சாதாரண பஸ், பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கெடையாது. 2021 மே மாசத்துலேர்ந்து இப்படி. நான் வெளிநாட்டுல இருந்து வாட்ஸப்புல படிச்சதோட சரி. எங்க சொந்தக்காரங்க குரூப்புல "ஓசி பஸ்"னு நக்கலடிச்சு எவ்ளோ மெசேஜ்! அனுப்பினவங்க எல்லார்கிட்டயும் கார் இருக்கு.

கண்டக்டர் கேட்டார், "எங்கம்மா?"

"பெரம்பூர்."

டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தார். ஜன்னலோரம். லஸ் போச்சு, ஜெமினி போச்சு, புரசைவாக்கம் போச்சு. நான் காலேஜ் படிச்சப்போ இதே பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போயிருக்கேன், உக்காந்தது அபூர்வம். பெரம்பூர் வந்துச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் எறங்கல.

"என்னம்மா, கடைசி ஸ்டாப்."

"இதே வண்டில திரும்பிப் போறேங்க."

அவர் ஒரு நிமிஷம் பாத்தார். எனக்குள்ள அந்த ஓட்டல் கேள்வி ரெடியா நின்னுச்சு, ஒரு ஆள் தானா மேடம்னு. அவர் குரல எறக்கிக் கேட்டார், "வீட்ல சண்டையாம்மா?"

சிரிச்சிட்டேன். இல்லங்க, சும்மாதான் சுத்தறேன்னேன்.

"இல்லம்மா, அப்படி வரவங்க இருக்காங்க. மத்தியான வண்டில ஏறுவாங்க, ஜன்னலோரம் உக்காருவாங்க, போயிட்டு வந்து ஏறின எடத்துலயே எறங்குவாங்க. நாங்க ஒண்ணும் கேக்கறதில்ல. டிக்கெட் மட்டும் புதுசா கிழிச்சுக் குடுத்துடுவேன்."

சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். எனக்கு சிரிப்பு நின்னு போச்சு.

பூங்கா பூட்டியிருக்கு, கோவில் நடை சாத்தியிருக்கு, காபி ஷாப்புல உக்காரணும்னா இருநூறு ரூபா, டீக்கடைல நின்னா ஏன் நிக்கறன்னு கேள்வி. வீட்ல ஒருத்தர் கத்தறார், இல்ல யாரும் பேசாம இருக்காங்க, இல்ல சும்மா மூச்சு முட்டுது. அந்தப் பொம்பள எங்க போய் உக்காருவா? பஸ்ஸுல. ஓசி பஸ்ஸுல. வேலைக்குப் போறவங்களுக்கு மிச்சமாகற காசப் பத்தி எல்லாரும் எழுதறாங்க, நல்லது. இந்தக் கணக்க யாரும் எழுதி நான் படிச்சதில்ல.

அதனால அந்த வாட்ஸப் குரூப்புல இருக்கற மாமா, சித்தப்பா, அண்ணன்மாருக்கு: அடுத்த தடவ ஓசின்னு மெசேஜ் வந்தா நான் சும்மா இருக்கப் போறதில்ல. இப்பவே சொல்லிட்டேன்.

அப்புறம் எங்க வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதியிருக்கேன். ரெண்டே வேண்டுகோள். பூங்காவ மத்தியானமும் தெறந்து வைங்க. உள்ள பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை, தண்ணியோட. திங்கக்கிழம காலைல போய்க் குடுக்கணும், நெட்டு மாட்ட வரவர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி.

உங்க ஏரியாவுல காசு குடுக்காம, கேள்வி கேக்காம, ஒரு பொம்பள ஒரு மணி நேரம் உக்காரக்கூடிய இடம் எதாவது தெரிஞ்சா எனக்கு எழுதுங்க. கழிப்பறை இருக்கா, தெறந்திருக்கான்னும் சேத்து எழுதுங்க. பட்டியல் போட்டு வெச்சுக்கறேன், எல்லாருக்கும் ஆகும்.